லினக்சு கருனியின் சாவிக்கொத்துக் கசிவு

லினக்சு கருனியின் சாவிக்கொத்துக் கசிவு என்பது 2016 சனவரியில் வெளியிடப்பட்டுத் திருத்தப்பட்ட ஒரு பாதுகாப்புக் குறைபாடு ஆகும். இதன் அடையாள எண் சிவிஇ-2016-0728. கணினியில் சாதாரணக் கணக்கு மட்டுமே உள்ள ஒருவர் முழு நிர்வாக உரிமையைக் கைப்பற்ற இது வழிவிட்டது. இசுரேலைச் சேர்ந்த பெர்செப்சன் பாயிண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தனர். 2013 இல் வெளிவந்த 3.8 பதிப்பு முதலே இக்குறை கருனியில் இருந்தது.

பின்னணி

இயக்குதளத்தின் மையப் பகுதி கருனி எனப்படும். மறைக்குறியீட்டுச் சாவிகளையும் அனுமதிச் சான்றுகளையும் நிரல்களுக்காக அது 'சாவிக்கொத்து' என்ற அமைப்பில் வைத்திருக்கிறது. ஒரே கொத்தைப் பல நிரல்கள் பயன்படுத்தலாம் என்பதால், ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு பயன்பாட்டு எண்ணிக்கை உண்டு. பயன்பாடு தொடங்கும்போது அது ஒன்று கூடும். முடியும்போது ஒன்று குறையும். எண்ணிக்கை சுழியமானால், அக்கொத்து இனி எவருக்கும் தேவையில்லை என்று கொண்டு அதன் நினைவகத்தைக் கருனி விடுவித்துவிடும்.

குறைபாடு

குறிப்பிட்ட பெயருள்ள சாவிக்கொத்தில் தன்னை இணைக்குமாறு ஒரு நிரல் கருனியைக் கேட்கலாம். அப்பெயரைத் தேடிக் கண்டதும் கருனி எண்ணிக்கையை ஒன்று கூட்டும். நிரலிடம் ஏற்கெனவே இருப்பது அதே கொத்து என்றால் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. கருனி அத்துடன் திரும்பிவிடும். கூட்டிய ஒன்றைக் குறைக்காமல் விட்ட இடம் இதுவே. இதனால் நிரல் முடிந்த பின்னும் கொத்து நினைவகத்தில் தங்கிவிடும்.

இது நினைவக வீணடிப்போடு நிற்கவில்லை. எண்ணிக்கை 32 பிட்டுகளில் சேமிக்கப்பட்டது. வண்டியின் ஓட்டமானி 99999-க்குப் பின் 00000 ஆவதுபோல, ஏறக்குறைய 429 கோடி அழைப்புகளுக்குப் பின் இது சுழியத்துக்குத் திரும்பும். உடனே, நிரல் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கொத்தையே கருனி விடுவித்துவிடும். காலியான அந்த இடத்தில் தாக்குபவர் தம் தரவை வைத்து, தமது கட்டளைகளைக் கருனியின் அதிகாரத்துடன் இயக்க முடியும். இன்டெல் கோர் ஐ7-5500 செயலியில் இதற்கு அரை மணி நேரம் ஆனதாக ஆய்வாளர்கள் தெரிவித்தனர்.

திருத்தம்

திருத்தம் ஒரே வரிதான். 'அதே கொத்து' என்று கண்டு திரும்பும் முன், எண்ணிக்கையை ஒன்று குறைக்கும் கட்டளை சேர்க்கப்பட்டது. டெபியன், உபுண்டு, ரெட் ஹாட் ஆகியவை தம் பயனர்களுக்குப் புதுப்பிப்புகளை வழங்கின. பொதுவாக, கருனியைப் புதுப்பித்தபின் கணினியை மறுபடி தொடங்கினால்தான் திருத்தம் நடைமுறைக்கு வரும்.

இத்தகைய தவறுகள் வேறு இடங்களிலும் நேரக்கூடும் என்பதால், 2017 இல் 4.11 பதிப்பில் புதிய எண்ணிக்கை வகை ஒன்று சேர்க்கப்பட்டது. இது உச்ச அளவை எட்டினால் சுழியத்துக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றுவிடும். அந்நிலையில் நினைவகம் கசியும். ஆனால் பயன்பாட்டில் உள்ள பொருள் விடுவிக்கப்படாது. கருனியைப் பொறுத்தவரை இரண்டு தீமைகளில் கசிவே சிறியது.

நிரலாக்கம் பயில்வோர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செயற்கூறின் முடிவில் எல்லாம் சரியாக இருந்தால் போதாது. பாதியில் திரும்பும் ஒவ்வொரு வழியிலும், எடுத்தது திருப்பித் தரப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.