முருகைக்கு ஊட்டிய சுண்ணாம்பு

கட்டாரில் பதினொரு வருடம் நான் பார்த்த வேலை என்னவென்று என் மூத்தம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. லீவில் வரும்போதெல்லாம், "மீன் தொட்டி கழுவுறதுக்கா மனே கடல் தாண்டிப் போன?" என்று கேட்பார். "கழுவுறது கொஞ்சம்தான் மூத்தம்மா, அளக்கிறதுதான் கூட" என்பேன். தண்ணியை ஏன் அளக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வியாக வரும். அதற்குள் தேத்தண்ணி வந்துவிடும், பேச்சு மாறிவிடும். அவருக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தோஹாவில் வசதியான வீடுகளின் மஜ்லிஸ் என்னும் வரவேற்பறைகளிலும் ஹோட்டல் முகப்புகளிலும் முருகைக்கல் தொட்டிகள் இருக்கும். பேரில் கல் இருந்தாலும் முருகை உயிருள்ளது. சின்னச் சின்ன வாய்கள், வாயைச் சுற்றிப் பூவிதழ் மாதிரித் தொடுகரங்கள். ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்கிற அந்தப் பிராணிகள், தங்களுக்குக் கீழே சுண்ணாம்பைச் சுரந்து கட்டுவதுதான் நாம் பார்க்கும் கல். அவற்றின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அது சமைக்கிற சாப்பாட்டில் பெரும்பங்கு முருகைக்குப் போகிறது. நிறமும் பெரும்பாலும் அந்தக் குடித்தனக்காரன் தந்ததுதான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே ஒரு தொட்டியைக் கெடுத்தேன். 600 லீற்றர் தொட்டி. ஏசி அறை என்பதால் ஒரு நாளைக்குப் பத்து லீற்றர் ஆவியாகிப் போகும். கடல் தொட்டிதானே என்று, குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணியையே ஊற்றி வந்தேன். மேலாளாக இருந்த மலையாளி அண்ணன் ஒன்பதாம் நாள் வந்து உப்புமானியில் பார்த்தார். லீற்றருக்கு 35 கிராம் இருக்க வேண்டிய உப்பு 40ஐத் தொட்டிருந்தது. "உங்க நாட்டுல உப்பளம் இல்லையா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வெட்கமாகிவிட்டது. புத்தளத்திலும் ஆனையிறவிலும் வெயில் தண்ணியைத்தான் கொண்டுபோகிறது, உப்பைப் பாத்தியிலேயே விட்டுவிடுகிறது. தொட்டியிலும் அதே கதை. குறைந்தது நல்ல தண்ணி, நான் ஊற்றியது உப்புத் தண்ணி. பத்து லீற்றருக்கு 350 கிராம் வீதம் தினமும் உப்பேற்றி இருக்கிறேன்.

அதோடு விட்டேனா? பயத்தில் அன்றிரவே பாதித் தண்ணியை இறைத்து, உப்புக் குறைந்த தண்ணியை ஊற்றி, உப்பை ஒரேயடியாகக் குறைத்தேன். மான்கொம்பு முருகைகள் மறுநாள் தோலுரிந்து வெள்ளை எலும்பாக நின்றன. நாற்பதை ஒன்பது நாள் தாங்கியவை, ஒரே இரவில் முப்பத்தைந்துக்கு இறங்கியதைத் தாங்கவில்லை.

பாரசீக வளைகுடாவில் உப்பு நாற்பதுக்கு மேலே, கோடையில் தண்ணிச் சூடு 34, 35 பாகை. அங்கேயும் முருகை உண்டு. ஆயிரக்கணக்கான வருடம் தலைமுறை தலைமுறையாகப் பழகிய பழக்கம் அது. பழகிய இடத்தில் அது பிழைக்கும். திடீர் மாற்றம்தான் அதைக் கொல்லும். அதனால் புதிதாகத் தொட்டி வைக்கிறவர் "காக்கா, எந்த நம்பர் சரி?" என்று கேட்டால், நேற்று இருந்த நம்பரைத்தான் முதலில் கேட்பேன்.

உப்பைவிடச் சிக்கலானது சுண்ணாம்புக் கணக்கு. முருகை கல் கட்ட இரண்டு சாமான் வேண்டும். ஒன்று கல்சியம், கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 420 மில்லிகிராம் இருக்கும். மற்றது கார்பனேற்று. இதைக் காரத்தன்மை என்று அளப்போம், கடலில் ஜெர்மன் பாகையில் ஏறக்குறைய 7. வீட்டில் மூட்டை அரிசி இருக்கிறது, கறி மட்டும் ஒரு நாளைக்குத்தான் காணும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசிதான் கல்சியம், கறிதான் காரத்தன்மை. முருகை 20 மில்லிகிராம் கல்சியம் எடுத்தால் காரத்தன்மையில் கிட்டத்தட்ட 2.8 பாகை போய்விடும். 420இல் 20 தெரியவே தெரியாது, 7இல் 2.8 போனால் கிட்டத்தட்டப் பாதிச் சட்டி காலி. பலர் கல்சியத்தை அளந்து "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்க முருகை கட்டுமானத்தை நிறுத்திவிடும். நான் காரத்தன்மையைத் தினமும் பார்ப்பேன், கல்சியத்தை வாரம் ஒரு தரம். மக்னீசியம் 1300க்குப் பக்கத்தில் நின்றால் போதும். அது குறைந்தால் மற்ற இரண்டும் முருகைக்குப் போகாமல் குழாயிலும் மோட்டாரிலும் கல்லாகப் படியும்.

இந்த இரண்டையும் சேர்த்து ஊட்ட ஒரு பழைய வழி இருக்கிறது. பீட்டர் வில்கென்ஸ் என்ற ஐரோப்பியர் 1970களில் பிரபலமாக்கியது. அதன் ஜெர்மன் பெயர் 'கல்க்வாசர்'. பெட்டியில் அதைப் பார்த்து ஏதோ பெரிய மருந்து என்று நினைத்தேன், சுண்ணாம்புத் தண்ணி என்று மட்டும்தான் அர்த்தம். மூத்தம்மா வெற்றிலைக்குத் தடவிய அதே நீற்றுச் சுண்ணாம்பு, கலப்படமில்லாத தூள், அவ்வளவுதான். ஒரு லீற்றர் தண்ணியில் ஒன்றரைக் கிராம் போலத்தான் கரையும். மிச்சத்தை அடியில் விட்டுத் தெளிவை மட்டும் எடுத்து, ஆவியான தண்ணிக்குப் பதிலாக இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஏன் இரவு? விளக்கு அணைந்ததும் பாசி சமையலை நிறுத்திவிடும், கரியமில வாயு கூடும், தண்ணி அமிலப் பக்கம் சாயும். சுண்ணாம்புத் தெளிவு அதைத் தூக்கிப் பிடிக்கும். அவசரப்பட்டுக் குவளையோடு ஊற்றினால் தொட்டி பால் மாதிரி வெளுக்கும், முருகை செத்துப்போகும்.

லீவில் வந்து இதைச் சொன்னபோது மூத்தம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அந்தக் காலத்துல கல்குடாப் பக்கம் முருகைக்கல்லச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்த. நீ சுண்ணாம்பக் கரைச்சிக் கல்லாக்கிறாயா?" அவர் சொன்னதில் வேதியியல் பிழை ஒன்றும் இல்லை.

அடுத்தது சாப்பாடு. தொட்டியைக் கெடுப்பதில் பாதி, பாசத்தோடு போடுகிற தீனி. மீன் தின்றதும் தின்னாததும் அமோனியா ஆகும், பற்றீரியாக்கள் அதை நைற்றைற்று ஆக்கி, பிறகு நைத்திரேற்று ஆக்கும். இந்தப் பற்றீரியாக்கள் குடியேற நாலு தொடக்கம் ஆறு கிழமை பிடிக்கும். அதற்கு முன் மீன் விடுகிறவருக்கு என்னால் உதவ முடியாது. கடைசியில் மிஞ்சும் நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் பாசிக்கு உரம். பொஸ்பேற்று கூடினால் கல் கட்டுவதும் தடைப்படும். அதற்காகச் சுத்தமாகத் துடைத்தும் எடுக்கக் கூடாது, ஒன்றுமே இல்லாத தண்ணியில் முருகை பட்டினி கிடந்து வெளிறும்.

அழுக்கை எடுக்க ஸ்கிம்மர் என்றொரு குழாய் உண்டு. பொடிக் குமிழிகளை ஊதி, அழுக்கை நுரையாக்கி மேலே தள்ளும். மாரியில் வாடை அடிக்கும்போது எங்கள் கரையில் மஞ்சள் நுரை வந்து ஒதுங்குமே, அதேதான். கடல் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. 1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங் எழுதிய கட்டுரையும் கடலின் வழியைத்தான் சொன்னது: கடலில் இருந்து உயிரோட்டமுள்ள கல், கடல்நீர், கொஞ்சம் காற்றுக் குமிழி. இந்தத் தொழிலின் வேர்களில் ஒன்று நம்மைப் போன்ற வெப்பக் கரைக்காரனிடம் இருப்பதில் எனக்கொரு பெருமை.

இப்போது ஊர் திரும்பி மருதமுனையில், வீட்டு முன்கூடத்தில் நாலடித் தொட்டி வைத்திருக்கிறேன். குழாய்த் தண்ணியில் குளோரின், வளவுக் கிணற்றுக்குப் பக்கத்தில் மலசலக்குழி. இரண்டும் ஆகாது என்பதால், ஆவியாகிக் குறைவதற்கு ஊற்றுவது ஆர்ஓ வடிகட்டித் தண்ணிதான். கச்சான் காலத்தில் கடல் தெளிந்திருக்கும்போது தோணிக்காரத் தம்பிமாரிடம் சொல்லி வெளிக்கடல் தண்ணி எடுப்பேன். மாரியில் எடுப்பதில்லை, ஆற்று வெள்ளமும் வயல் உரமும் கலந்து வரும். டெங்குக்குப் புகையடிக்க வந்தால் காற்றுப் பம்பை நிறுத்திவிட்டுத் தொட்டியை மூடுவேன். கொசு சாகிற மருந்தில் இறாலும் சாகும்.

தொட்டியில் கோமாளி மீன் இரண்டு, துப்புரவு இறால் ஒன்று. முருகை இல்லை. பார்க்க வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். உயிருள்ள கல்முருகையைக் கடலில் இருந்து எடுப்பதை இலங்கைச் சட்டம் தடுக்கிறது, 1988இல் இருந்து முருகைக்கல் அகழ்வதும் தடை. நல்ல சட்டம் என்றுதான் சொல்வேன். ஹிக்கடுவைக்கு அருகே பெரலியவில் முருகைக்கல் தோண்டிய இடத்தில் சுனாமி ஏறக்குறைய 1.5 கிலோமீற்றர் உள்ளே வந்தது, முருகைப் பார் மிஞ்சியிருந்த ஹிக்கடுவையில் சுமார் 50 மீற்றர்தான் என்று ஆய்வாளர்கள் 2005இல் எழுதினார்கள். சுனாமியைக் கண்ட எங்கள் ஊர்க்காரருக்கு அந்த இலக்கங்களை விளக்க வேண்டியதில்லை.

1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பாரிலும் முருகைகள் வெளுத்துச் செத்தன. வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேல் ஒரு பாகை, சில கிழமைகள் நீடித்தால் போதும், பாசி வெளியேறிவிடும். திருகோணமலைப் பக்கம் அந்த முறை தப்பியது. தொட்டியில் சூடு ஏறினால் நான் மின்விசிறி போடுவேன். கடலுக்கு அது முடியாது.

உப்புத் தொட்டி வைக்க ஆசைப்படும் தம்பிமார் அசருக்குப் பிறகு வாருங்கள், உப்புமானியும் காரத்தன்மை டெஸ்ட் கிட்டும் தந்து பழக்கிவிடுகிறேன். பாசிக்குடாவுக்குப் போனால் மட்டும் கல் ஒன்றும் எடுத்து வராதீர்கள், செத்த கல்லானாலும். முருகையின்மேல் கால் வைத்தும் நிற்காதீர்கள்.