தக்பீரும் தரைக்கோடும்

காங்கேசன்துறை ரயில் நிலையத்தின் வெளிவாசலில் என் வாப்பா சிலைபோல நின்றுவிட்டார். 2015 ஜனவரியில் யாழ்தேவி மறுபடி அங்குவரை ஓடத் தொடங்கியபின், 1990இல் விட்டுவந்த பக்கங்களை ஒருதரம் பார்க்க வேண்டுமென்று புத்தளத்திலிருந்து வந்திருந்தார். "கால் தரையோட ஒட்டிப்போச்சு மகன்" என்றார். பின்னால் சனம் முணுமுணுத்தது. கையைப் பிடித்து இழுத்தேன், விழப் பார்த்தார். பிறகு அவரே, "அந்தக் குடையைக் குறுக்கால போடு" என்றார். போட்டதும் ஒரே எட்டில் தாண்டி நடந்துவிட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. குடையைத் தாண்டுகிறவருக்குச் சும்மா நடக்க முடியாதா? தனியாகத் தொழுதால் ருகூவுக்குக் குனியவே நேரமெடுக்கும். ஜமாஅத்தில் இமாமின் தக்பீர் கேட்டதும் எல்லாரோடும் குனிவார். "பள்ளியில மட்டும் வருத்தம் இல்லையோ" என்று நானே கேட்டிருக்கிறேன். கேட்டிருக்கக்கூடாது.

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நோய்தான் அவருக்கு. நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் திட்டிலுள்ள கலங்கள் அழிய, டோபமின் குறைகிறது. டோபமினை நம்பியிருக்கும் ஆழ்ந்த நரம்புக் கணுக்கள், மூளைப் புறணியின் நடுப்பகுதியோடு சேர்ந்துதான், பழகிப்போன அசைவுகளை நாம் யோசிக்காமலே தொடக்கிவைக்கின்றன. அந்த வழி தளர்ந்தால் மனம் "நட" என்றாலும் கால் எழாது. வாசல், திருப்பம், சன நெரிசல் என்றால் இன்னும் மோசம்.

வெளியிலிருந்து கோடோ ஓசையோ வந்தால் கதை வேறு. அது புறணியின் பக்கவாட்டு இயக்கப் பகுதி, சிறுமூளை வழியாக அசைவை எழுப்புகிறது. 1991இல் ஜப்பானில் முஷியாக்கே, தஞ்சி குழுவினர் பொத்தான்களை வரிசையாக அழுத்தக் குரங்குகளைப் பழக்கினார்கள். விளக்கைப் பார்த்து அழுத்தியபோது பக்கவாட்டுப் பகுதியிலும், நினைவிலிருந்து அழுத்தியபோது நடுப்பகுதியிலும் கலங்கள் கூடுதலாக இயங்கின. இரண்டும் சுத்தமாகப் பிரிந்தவை அல்ல; ஆனால் பார்க்கின்சன் நோயில் நடுப்பகுதியின் வழியே அதிகம் தளர்கிறது என்பதுதான் பரவலான விளக்கம். ஆக, வாப்பா நடிக்கவில்லை.

ஆளை இழுக்காதீர்கள். நிற்கவிட்டு, "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணிக் கொடுங்கள். எல்லாருக்கும் இது பலிக்காது, மருந்தையும் நிறுத்தக்கூடாது. நிற்க ஏலாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் இடமிருக்கிறது.

எங்கள் வீட்டு நிலைப்படிக்கு முன்னால் இப்போது மஞ்சள் டேப் கோடுகள். குடை வேண்டாம், தடுக்கி விழுத்திவிடும். பள்ளிக்குப் போக முடியாத நாட்களில் பேரன் இமாமாக நின்று சத்தமாகத் தக்பீர் சொல்கிறான்; கொஞ்சம் அவசரமாகத்தான் சொல்கிறான்.