அறிந்தும் தொடங்கமாட்டாமை

நன்மை இன்னது, தீமை இன்னது என அறிவார் பலர். அறிந்ததை அறிந்தவாறே செய்து முடிப்பார் சிலர். இஃது உலகியல். ஆயினும், அச்சிலரல்லாத பலருள்ளும் ஒரு சாரார் உளர். துவைக்க வேண்டிய துணி மூலையிற் குவிந்து கிடக்கின்றது. செலுத்த வேண்டிய கட்டணம் பையிலேயே இருக்கின்றது. உட்கொள்ள வேண்டிய மாத்திரை மேசைமேல் எதிரே தோன்றுகின்றது. செய்ய வேண்டுமென்னும் அறிவு அவர்க்கு உண்டு, விருப்பமும் உண்டு, உடலில் வன்மையும் உண்டு. ஆயினும் கை எழுவதில்லை. காண்போர் இதனைச் சோம்பல் என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுவர். அது சோம்பலன்று என்பதையும், இக்குறையுடன் வாழ்வோர் இல்லம், பொழுதுபோக்கு, உடல்நலம் என்னும் மூன்றையும் எங்ஙனம் ஓம்பலாகும் என்பதையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

தேரோட்டம் கண்டோர் ஒன்றை நினைவுகூர்க. வடம் பிடிப்போர் ஆயிரவராயினும், நிலையில் நிற்கும் தேர் அவர்தம் வலியால் மட்டும் பெயர்வதன்று. பின்னே சக்கரத்தடியில் நெம்புகோல் கொடுத்து உந்துவோர் வேண்டும். பெயர்ந்த தேர் வீதி மூலையில் திரும்புதற்கும், வேண்டுமிடத்து நிற்றற்கும், சக்கரத்தின்முன் முட்டுக்கட்டை இடுவோர் வேண்டும். அறிவும் விருப்பும் உடல் வலியும் வடம் பிடிப்போரை ஒப்பன. தொடங்குதல், நிறுத்துதல், திரும்புதல் ஆகியவை நெம்புவோரும் கட்டையிடுவோரும் செய்யும் தொழிலை ஒப்பன. இத்தொழிலை ஆங்கில நூலோர் ‘எக்ஸிகியூட்டிவ் பங்க்ஷன்’ என வழங்குவர். யாம் அதனைச் செயலாட்சி என்போம்.

இச்செயலாட்சி ஒரு தனி ஆற்றலன்று. பல ஆற்றல்களின் கூட்டம். 2000-ம் ஆண்டில் மியாக்கி என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும் அதனுள் மூன்றைப் பிரித்துக் காட்டினர்: எழுகின்ற தூண்டுதலை அடக்குதல், வேண்டுவதை மனத்தில் ஏந்திப் புதுக்கிக்கொண்டிருத்தல், ஒரு தொழிலினின்று மற்றொன்றுக்கு மாறுதல் என்பன அவை. திட்டமிடுதலும் வரிசைப்படுத்தலும் காலத்தை அளந்துணர்தலும் இவற்றின்மேல் எழுவன. மூளையின் முன்பகுதி இவற்றிற்குத் தலைமையிடமாகும். அப்பகுதி முதிர்ச்சியுற இருபத்தைந்து வயதளவு செல்லுமென்பர் அறிஞர். கல்லூரி மாணவர் இதனைக் கருத்தில் இருத்துதல் நலம்.

இவ்வுண்மை உலகிற்குப் புலப்பட்டது பெரும்பாலும் துன்ப நிகழ்ச்சிகள் வாயிலாகவே. 1848-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி, அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த வெர்மாண்டு மாகாணத்தில், இருப்புப்பாதை வேலையில் மேஸ்திரியாயிருந்த பினியஸ் கேஜ் என்னும் இளைஞன் பாறை பிளக்க மருந்து கெட்டித்துக்கொண்டிருந்தான். மருந்து திடீரென வெடிக்க, மூன்றரை அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள இரும்புக்கோல் அவன் கன்னத்தின் வழியே புகுந்து தலையுச்சியிற் புறப்பட்டது. அவன் உயிர் தப்பினான். பேச்சும் நினைவும் கெடவில்லை. ஆயினும், வகுத்த திட்டத்தில் நிலைத்து நிற்கும் இயல்பு அவனை விட்டு நீங்கியதென அவனுக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் எழுதிவைத்தார். இக்கதையைக் கூறுவோர் பலர் இவ்வளவில் நிறுத்திவிடுவர். பின்னர் அவன் சிலி நாடு சென்று பல ஆண்டு குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்தான் என்பதே நமக்கு மிகவும் வேண்டிய பகுதி. நாள்தோறும் ஒரே நேரம், ஒரே வழி, ஒரே வரிசையான கடமைகள். அவ்வேலையின் ஒழுங்கே அவன் இழந்ததன் இடத்தை ஒருவாறு நிரப்பியிருக்கலாம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர்.

இதனினும் நம் இல்லங்கட்கு அணுக்கமானது மற்றொரு வரலாறு. கனடா தேசத்து மாண்ட்ரீல் நகரில் புகழ்பெற்ற மூளைச் சிகிச்சை நிபுணராய் விளங்கிய வைல்டர் பென்பீல்டு, 1928-ம் ஆண்டில் தம் உடன்பிறந்த தமக்கையாருக்கே மூளையின் வலப்புற முன்பகுதியிலிருந்த கட்டியை நீக்க நேர்ந்தது. அவ்வம்மையாரின் அறிவும் அன்பும் சிகிச்சைக்குப் பின்னும் மாறவில்லை. பதினைந்து மாதம் கழித்து, ஒரு விருந்தினருக்கும் குடும்பத்தார் நால்வருக்கும் எளிய இரவுணவு சமைக்க அவர் முற்பட்டார். குறித்த வேளையில் பொருள்கள் யாவும் அடுக்களையில் இருந்தன, ஒன்றிரண்டு அடுப்பின்மேலும் இருந்தன, ஆனால் இறைச்சி சமைக்கத் தொடங்கப்படவில்லை, மற்றவையும் ஆயத்தமாகவில்லை, அவரோ நெடுநேரம் தனியே முயன்று கலங்கி நின்றார். பிறர் உடனிருந்து துணை செய்ததும் எல்லாம் விரைவில் ஒழுங்காயின. 1935-ம் ஆண்டில் பென்பீல்டு இதனை மருத்துவ உலகிற்கு வெளியிட்டார். சோறும் குழம்பும் கறியும் ஒரே வேளையில் இலைக்கு வருவதற்கு எத்துணைக் கணக்கு வேண்டுமென்பதை நம் தாய்மார் அறிவர். உண்பார் பெரும்பாலும் அறியார்.

1991-ம் ஆண்டில் ஷாலிஸ், பர்ஜெஸ் என்னும் ஆங்கில அறிஞர் இருவர், மூளையின் முன்பகுதியில் ஊறுற்ற மூவரைக் கடைத்தெருவுக்கு அனுப்பிச் சோதித்தனர். சில்லறைப் பொருள்கள் வாங்குதல், குறித்த நேரத்திற் குறித்த இடத்தில் நிற்றல், சில செய்திகளைக் கேட்டறிதல் ஆகியவையே அவர்கட்கு இட்ட பணி. அறிவுச் சோதனைகளிற் குறைவின்றித் தேறிய அம்மூவரும் இவ்வெளிய வேலைகளில் இடறினர். தேர்வு மண்டபத்தில் விளங்கும் அறிவு வேறு. கடைத்தெருவிலும் அடுக்களையிலும் வேண்டப்படும் ஆட்சி வேறு என்பது இதனால் தெளிவாகும்.

இத்துணைப் பெரிய ஊறு நேர்ந்தார்க்கே இக்குறை உண்டாகுமென நினைத்தல் வேண்டா. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாடு பெரும்பாலும் மரபு வழியே வருவது. குழந்தைப் பருவத்தில் தோன்றிப் பலரிடம் முதுமை வரை தொடர்வது. மனச்சோர்வு நோய், பக்கவாதம், தலைக்காயம், பார்க்கின்சன் நோய் முதலியவற்றிலும் செயலாட்சி தளரும். நோயற்றாரிடத்தும் உறக்கமின்மையும் மிகுந்த மனக்கவலையும் அதனைத் தற்காலிகமாகக் குன்றச் செய்யும்.

இனிச் சோம்பலுக்கும் இதற்கும் வேற்றுமை யாதெனின், சோம்பேறி செய்யாமையில் இன்புறுவான். இவனோ செய்யாமையில் வருந்துவான். சோம்பேறி கடமையை ஒழித்து விருப்பத்தை நாடுவான்; இவனோ, தான் ஆசைப்பட்டு வாங்கிய புல்லாங்குழலையும் உறையினின்று எடுக்கமாட்டாமல் மாதக்கணக்கில் பார்த்திருப்பான். திருவள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில் காலநீட்டிப்பு, மறதி, சோம்பல், துயில் என்னும் நான்கையும் ஒருங்கு வைத்துக் கூறினார். ஒருங்கு வைத்தாரேனும் ஒன்றென்றாரல்லர், நான்காகவே எண்ணினார். நாமோ நான்கையும் சோம்பல் என்னும் ஒரு மூட்டையாகக் கட்டி, அதனை ஒருவன் தலைமேல் ஏற்றிவிடுகின்றோம். இவ்வாறு பல்லாண்டு வசை கேட்டவன், ஈற்றில் தானே அதனை நம்பித் தன்னை வெறுக்கத் தொடங்குவான். குறையினும் கொடிது இவ்வெறுப்பே.

அற்றேல் பரிகாரம் யாது? ‘மனத்தைத் திடப்படுத்திக்கொள்’ என்னும் உபதேசம் இங்குப் பயன்படாது. திடப்படுத்தும் கருவியே தளர்ந்திருக்கின்றதன்றோ? தலைக்குள் இயலாததைத் தலைக்கு வெளியே அமைத்துக்கொள்ளுதலே தக்க வழி. இது புதிதன்று. நம் பாட்டிமார் பால்கணக்கைச் சுவரிற் கரிக்கோடிட்டு வைத்தனர்; மறவாமைப்பொருட்டு முந்தானையில் முடிச்சிட்டனர்; கடுகும் சீரகமும் மிளகும் ஒரு மூடி திறந்த அளவில் கண்ணிற் படுமாறு அஞ்சறைப்பெட்டி வைத்தனர். நினைவின் சுமையைப் பொருளின்மேல் இறக்கிவைக்கும் கலையே இது.

முதலாவது இல்லம். வேண்டும் பொருள் கண்ணில் படவேண்டும். பயன்படும் இடத்திலேயே இருக்கவேண்டும். சாவிக்கு வாயிற்புறத்தில் ஓர் ஆணி, கண்ணாடிக்கு ஒரு தட்டு, கடிதங்கட்கு ஒரு பெட்டி, ஒவ்வொன்றிற்கும் ஓரிடமே. மூடிய அலமாரியும் அடுக்கிய பேழையும் அழகியனவாயினும், காணப்படாதது இல்லாததே என்னும் இயல்புடையார்க்கு அவை புதைகுழிகளாகும். ‘வீட்டைச் சுத்தம் செய்க’ என்பது ஒரு வேலையன்று; பல வேலைகளின் பெயர். ‘மேசைமேலுள்ள தம்ளர்களை எடுத்துச் செல்க’ என்பதே வேலை. தொடங்குதற்குரிய முதலசைவு இன்னதென எழுதிவைத்தாற் பாதித் தடை நீங்கும். மாதந்தோறும் செலுத்தும் கட்டணங்களை வங்கியே கழித்துக்கொள்ளுமாறு செய்தலும், நாள்தோறும் ‘இன்று என்ன சமைப்பது’ எனத் திகையாமல் கிழமைக்கொரு உணவு வரிசை எழுதி ஒட்டுதலும் நலம். வீடு குறைவற விளங்கவேண்டுமென்பதன்று. உண்ணப் பாத்திரமும் உடுக்கத் துணியும் வழுக்காத தரையும் உளவாயின், அந்நாள் வென்ற நாளே.

காலமும் வேண்டும். பீட்டர் கால்விட்சர் என்னும் மனோதத்துவ அறிஞர் 1999-ம் ஆண்டில் ஓர் எளிய முறையை விளக்கினார். ‘இனி உலாவச் செல்வேன்’ என்று பொதுவாக உறுதி கொள்ளாது, ‘மாலைக் காப்பி குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும் செருப்பணிந்து வெளியேறுவேன்’ என்று ஒரு நிகழ்ச்சியுடன் மற்றொன்றைப் பிணைத்துக்கொள்ளுதலே அது. அவரும் ஷீரன் என்பாரும் 94 சோதனைகளைத் தொகுத்து 2006-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, இம்முறையின் பயனை நன்கு நிறுவிற்று. முந்தைய செயலே பிந்தையதற்கு மணியடிக்கின்றது. ‘இப்பொழுதா, பிறகா’ என்னும் வழக்கு எழுவதில்லை.

இரண்டாவது பொழுதுபோக்கு. வேலையே முடியாதவனுக்கு விளையாட்டு எற்றுக்கு என்பர் சிலர். இது தவறு. தொலைவிலுள்ள பலனுக்காக உழைத்தல் அரிதாயும், உள்ளத்தைக் கவர்ந்ததில் மூழ்குதல் எளிதாயும் இருப்பது ஏ.டி.எச்.டி. உடையார் பலரின் இயல்பு. ஆதலின் அவர்க்குக் கலையும் தோட்டமும் தச்சும் தையலும் வெறும் அணிகலனல்ல. உள்ளத்தை உயிர்ப்பிக்கும் ஊற்று. எனினும் இரு இடர்கள் உள. ஒன்று, பலவற்றைத் தொடங்கி யாவற்றையும் இடையில் விடுதல். ஒரு பொழுதில் ஒன்றிரண்டையே கண்முன் வைத்து, ஏனையவற்றைப் பெட்டியிலிட்டுச் சில திங்கட்கு ஒருமுறை மாற்றிக்கொள்க. முடியாத ஓவியமும் வரைந்த பொழுதில் இன்பம் தந்ததேயாகலின் அதனைக் கடனாகக் கருதற்க. மற்றொன்று, மூழ்கி உணவையும் உறக்கத்தையும் மறத்தல். எழுந்து சென்று நிறுத்தவேண்டிய தொலைவில் மணி வைத்துக்கொள்க. நிறுத்துமுன் அடுத்து எடுக்க வேண்டிய தையலோ சுரமோ இன்னதென ஒரு துண்டுத்தாளில் எழுதிவைப்பின், மறுநாள் தொடங்குதல் எளிது.

மூன்றாவது உடல்நலம். மற்றவை பிழைத்தால் மீளலாம். இது பிழைத்தால் மீள்வது அரிது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையார் மருந்தை மறத்தலும், உண்டோமா எனத் தெரியாது இருமுறை உண்டலும் ஒருங்கே கேடு பயப்பன. கிழமை ஏழிற்கும் அறையுள்ள மாத்திரைப் பெட்டி இதற்கு நல்ல அஞ்சறைப்பெட்டி; வெற்றறை ‘உண்டாயிற்று’ எனச் சான்று பகரும். அதனைப் பல்துலக்கும் இடத்திலோ உணவுத் தட்டின் அருகிலோ வைக்க. கைபேசி மணி ஒலித்ததும் அதனை அணைத்துவிட்டு மறப்பது பலர்க்கும் இயல்பாதலின், மாத்திரையை விழுங்கிய பின்னரே அணைப்பதென வழக்கப்படுத்துக. மருத்துவரைக் காணும் நாளை, மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன்னரே குறித்துக்கொள்க. சமைக்க இயலாத நாளுக்கென வாழைப்பழமும் அவலும் வறுகடலையும் வீட்டில் இருக்கட்டும். பட்டினியினும் எளிய உணவு மேல். உறக்கம் குன்றினால் மேற்கூறிய ஏற்பாடுகள் யாவும் தளரும். ஆதலின் படுக்கும் நேரத்தையே முதற்கண் காக்க.

இவ்வளவாலும் வாழ்வு தடுமாறுமாயின் மனநல மருத்துவரை நாடுதல் கடன். காரணம் பலவாதலின், தானே தனக்கு நோய்ப்பெயர் சூட்டிக்கொள்ளுதல் தகாது. மனச்சோர்வுக்குரிய சிகிச்சை வேறு, ஏ.டி.எச்.டி.க்குரிய சிகிச்சை வேறு. பின்னதற்கு மெத்தில்பெனிடேட் முதலிய மருந்துகள் பலர்க்கு நற்பயன் தருகின்றன. மருத்துவர் மேற்பார்வையிலன்றி அவற்றை உண்ணலாகாது. 2022-ம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தார் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

இறுதியாக, உடனுறைவோர்க்கு ஒரு வார்த்தை. பென்பீல்டின் தமக்கையார்க்கு வேண்டியிருந்தது கண்டனமன்று. அடுக்களையில் உடன் நிற்க ஒருவர். வேலை செய்யாது அருகில் அமர்ந்திருத்தலே துணையாவதைப் பலர் அனுபவத்திற் கண்டுள்ளனர். விடுதியில் அறைத்தோழன் புத்தகம் விரித்தால் தானும் விரிக்கக்கூடியவன், தனியே ஓரிரவு முழுதும் விரிக்காதிருப்பான். உதவி கேட்பதும் நாணத்தக்கதன்று. கண்ணொளி குன்றியார் மூக்குக்கண்ணாடி அணிவதை நாம் இழிவென்று கருதுகிறோமா?

ஆசிரியர்காள், பெற்றோர்காள், மாணவ நண்பர்காள்! கடமை தவறிய ஒருவனை நோக்கி ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்பது நம் வழக்கம். அதற்கு விடை அவனுக்கே தெரியாது. ஆதலின் பொய்யோ மௌனமோதான் விடையாக வரும். ‘எவ்விடத்தில் நின்றுவிட்டது?’ என்று கேட்டுப் பார்ப்போமாக. அவ்விடத்தை அவன் சுட்டிக்காட்டுவான். அங்கே ஒரு நெம்புகோல் கொடுத்தல் நம்மால் இயல்வதே.