பிஎச்.டி. பண்ணப் போறீங்களா? எந்த ‘கைடு’ வாங்கலாம்… முத்துக்குளித்துறை சொல்லும் கணக்கு!

தூத்துக்குடி கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். ‘அதுக்கப்புறம் ஏன் நின்னுபோச்சு?’ என்று கேட்டால், ஊரில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். இதையே தலைப்பாக எடுத்துக்கொண்டு ஒருவர் பிஎச்.டி.க்குப் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரமே சீனியர்கள் சொல்லும் அட்வைஸ் ஒன்றுதான்: “ரிசர்ச் மெத்தடாலஜி புக் ஒண்ணு வாங்கிருங்க.” கடைக்குப் போனால் அலமாரி முழுக்க அதே தலைப்பு. எதை எடுப்பது?

இதில் ஒரு சிக்கல், ‘கைடு’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. பள்ளிக்கூட நாளில் கைடு என்றால் கோனார் உரை. பாடப் புத்தகத்தைத் திறக்காமலே பதிலை எடுத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்துக்கு வந்தால் கைடு என்பது ஒரு பேராசிரியர். ஆய்வு எழுதக் கற்றுத்தரும் புத்தகம் இந்த இரண்டிலும் சேராது. அது பதிலும் தராது, கையெழுத்தும் போடாது. கேள்வியை எப்படிக் கேட்பது என்று மட்டும் சொல்லும். அதனால்தான், கோனார் உரை வாங்கிய அதே மனநிலையில் இதை வாங்கும் பலரும் நாலாவது பக்கத்தில் மூடிவைத்துவிடுகிறார்கள்.

ஏன் இதை சீரியஸாக எடுத்துக்கணும்?

எழுதத் தெரியாமல் போனால் இன்று அதற்கு விலை உண்டு. கருத்துத் திருட்டைத் தடுக்க யுஜிசி 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி, ஆய்வேட்டில் மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைத் தரவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. வேண்டுமென்றே திருடுபவர்களைவிட, படித்ததைத் தன் வார்த்தையில் சொல்லப் பழகாதவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்து, தமிழ்வழியில் படித்து, திடீரென்று 200 பக்கம் ஆங்கிலத்தில் எழுது என்றால் என்ன செய்வார்கள்? நல்ல கையேடு தேவைப்படுவது முக்கியமாக இவர்களுக்குத்தான்.

முத்து ஆய்வாளரிடமே திரும்புவோம். ‘மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு’ என்பது தலைப்பு. கேள்வி இன்னும் பிறக்கவில்லை. தலைப்பில் இருந்து கேள்விக்கும், கேள்வியில் இருந்து ‘சரி, அதைத் தெரிஞ்சு யாருக்கு என்ன?’ என்ற இடத்துக்கும் கூட்டிப்போவதில் ‘தி கிராஃப்ட் ஆஃப் ரிசர்ச்’ கெட்டிக்காரப் புத்தகம். பூத், கொலம்ப், வில்லியம்ஸ் மூவரும் எழுதி 1995-ல் வந்தது. எந்தத் துறைக்கும் பொருந்தும். ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு இதற்கு.

தலைப்பே இன்னும் முடிவாகவில்லையா? இத்தாலிய நாவலாசிரியர் உம்பர்த்தோ எக்கோ தன் மாணவர்களை மனதில் வைத்து 1977-ல் எழுதிய ‘ஹவ் டு ரைட் எ தீசிஸ்’ கிடைக்கிறதா பாருங்கள். ஆங்கிலத்தில் 2015-ல்தான் வந்தது. தாள் அட்டையில் குறிப்பு எடுக்கச் சொல்லும் பகுதிகள் பழசாகிவிட்டன. ஆனால், கைக்கு எட்டாத, உங்களால் வாசிக்க முடியாத ஆதாரங்களை நம்பி ஆய்வில் இறங்காதே என்ற எச்சரிக்கை அப்படியே பொருந்துகிறது. தூத்துக்குடி 1658 முதல் ஏறக்குறைய 1825 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். அந்தக் கால முத்துக்குளிப்பு பற்றி எழுத ஆசைப்பட்டால் ஆவணங்கள் பெரும்பாலும் டச்சு மொழியில், ஹேக் நகரத்திலும் சென்னை ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. டச்சு தெரியாதா? தலைப்பை 1955–61 காலத்துக்கு நகர்த்துவது புத்திசாலித்தனம்.

பெரிய புத்தகம் சொன்னா சரியா?

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். இலங்கை அரசுக்காக மன்னார் வளைகுடா முத்துச்சிப்பிகளை ஆராய 1902-ல் வந்தார் வில்லியம் ஹெர்ட்மேன். அவருக்குத் துணையாக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். ஹெர்ட்மேனின் அறிக்கை 1903–06-ல் ஐந்து பகுதிகளாக வந்தது. வெளியிட்டது லண்டன் ராயல் சொசைட்டி. இதைவிடப் பெரிய முத்திரை அன்றைக்கு ஏது? நல்ல முத்து உருவாக முக்கியக் காரணம் ஒருவகை நாடாப்புழுவின் இளம்பருவம் என்று அதில் வாதிடப்பட்டது. சில வருடங்களிலேயே லிஸ்டர் ஜேம்சன் என்ற விலங்கியலாளர் அந்த ஆதாரங்களைக் கேள்வி கேட்டார். 1973 ஜூலையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே.அழகர்சாமி குழு தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை எடுத்தது. சிப்பிக்குள் ஒரு சிறு மணியையும், இன்னொரு சிப்பியின் மேலுறைத் திசுத் துண்டையும் வைக்க, அந்தத் திசு வளர்ந்து மணியைச் சுற்றி முத்தைப் படியவைத்தது. புழுவுக்கு அங்கே வேலையே இல்லை.

ஹெர்ட்மேன் அறிக்கையை மேற்கோள் காட்டக் கூடாதா? தாராளமாகக் காட்டலாம். ஆனால், யார், எப்போது, எந்த ஆதாரத்தில் சொன்னார், பிறகு யார் மறுத்தார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ‘முந்தைய ஆய்வுகள்’ அத்தியாயத்தின் வேலையே அதுதான். ‘இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்’ என்று பட்டியல் போடச் சொல்லும் கையேட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

உங்க துறைக்கு எது?

மீன்வளம், கடல் உயிரியல் படிப்பவர்களுக்கு ராபர்ட் டே 1979-ல் எழுதிய ‘ஹவ் டு ரைட் அண்ட் பப்ளிஷ் எ சயின்டிஃபிக் பேப்பர்’ போதும். பிந்தைய பதிப்புகளை பார்பரா காஸ்டெல் சேர்ந்து எழுதியிருக்கிறார். அதனால் புதிய பதிப்பே வாங்குங்கள். உப்பளத் தொழிலாளர்களிடமோ துறைமுக லாரி டிரைவர்களிடமோ சர்வே எடுக்கப்போகும் வணிகவியல், சமூகவியல் மாணவர்களுக்கு சி.ஆர்.கோத்தாரி, ரஞ்சித் குமார் இருவரின் மெத்தடாலஜி புத்தகங்கள் பயன்படும். மாதிரி எடுப்பது, கேள்வித்தாள் தயாரிப்பது, புள்ளியியல் சோதனை எல்லாம் கோத்தாரியில் தெளிவு. ஆனால் அது எழுத்துப் பயிற்சிக்கான புத்தகம் இல்லை. தேர்வுக்குப் படிக்கலாம், அத்தியாயம் எழுத உதவாது. தமிழ்த்துறை என்றால் தமிழண்ணலும் இலக்குமணனும் எழுதிய ‘ஆய்வியல் அறிமுகம்’ இருக்கிறது.

ஆங்கிலம்தான் பயம் என்றால், ஸ்வேல்ஸ், ஃபீக் இருவரின் ‘அகாடமிக் ரைட்டிங் ஃபார் கிராஜுவேட் ஸ்டூடன்ட்ஸ்’. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது, பயிற்சிகளோடு. முன்னுரையை மூன்று அடியாகப் பிரிக்கச் சொல்லும் ஸ்வேல்ஸின் முறை பிரபலம்: இந்தத் துறை ஏன் முக்கியம், இதுவரை எதை யாரும் பார்க்கவில்லை, நான் எதைப் பார்க்கிறேன். முத்து ஆய்வுக்கு இதைப் போட்டுப் பாருங்கள், ஒரு பக்க முன்னுரை அரை மணி நேரத்தில் நிற்கும்.

ஏபிஏ, எம்எல்ஏ கையேடுகளைக் காசு கொடுத்து வாங்க அவசரப்பட வேண்டாம். உங்கள் பல்கலைக்கழக ஒழுங்குமுறை எதைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். அடிப்படை விதிகள் பர்டூ பல்கலைக்கழகத்தின் ‘அவுல்’ தளத்தில் இலவசம். மேற்கோள் பட்டியலை ‘ஜோடேரோ’ என்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஏஐ தரும் மேற்கோளை மட்டும் மூலத்தைத் திறந்து பார்க்காமல் ஒட்டாதீர்கள். இல்லாத கட்டுரைக்குப் பக்க எண் வரை சொல்லும்.

கடையிலோ நூலகத்திலோ பத்து நிமிடம் கிடைத்தால், பொருளடக்கத்தை விட்டுவிட்டு ‘முன்னுரை எழுதுவது’ பற்றிய அத்தியாயத்தைத் திறங்கள். ஒரு மோசமான பத்தியும் அதைத் திருத்திய பத்தியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வாங்கலாம். வரையறை, வகைகள், நன்மைகள், தீமைகள் என்று ஓடினால் அது செமஸ்டர் நோட்ஸ்.

இதெல்லாம் வாங்குவதற்கு முன் ‘ஷோத்கங்கா’வில் உங்கள் துறையின் ஆய்வேடுகள் இரண்டை முழுசாகப் படித்துவிடுங்கள், இலவசம்தான். தேடும்போது ‘தூத்துக்குடி’ என்று மட்டும் அடித்தால் பாதிதான் வரும். ‘டூட்டிகோரின்’ என்ற பழைய ஆங்கிலப் பெயரையும் போடுங்கள். முத்துச்சிப்பிக்கு இன்றைய பெயர் ‘பிங்க்டாடா ஃபுகாட்டா’. ஹெர்ட்மேன் காலத்தில் அதையே ‘மார்கரிட்டிஃபெரா வல்காரிஸ்’ என்று எழுதினார்கள். அந்தப் பெயரில் தேடவில்லை என்றால் நூறு வருட அறிக்கைகள் உங்கள் கண்ணிலேயே படாது.