பின்னால் நடப்பவரின் சம்மதம்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் பனி இன்னும் கலையாத வேளையில், பெரட்டு எனும் காலை வேலைப் பகிர்வு முடிந்து பெண்கள் தலைக்கயிறும் கூடையுமாக மலைக்கு ஏறிக்கொண்டிருக்கையில், அவர்களுக்கு எதிராக, கையில் நைந்துபோன கிளினிக் கொப்பியும் உறையில் சுற்றிய பரிசோதனைத் தாள்களுமாக ஒருவர் மெல்ல இறங்கி வருவதையும், அவருக்கு இரண்டடி பின்னால் அவருடைய தாயோ தங்கையோ மனைவியோ பேசாமல் நடந்து வருவதையும் மலைநாட்டில் வாழ்கிறவர்கள் கண்டிருப்பார்கள். முன்னால் நடப்பவரைத் தோட்டமே அறியும். 'கிட்னிக்காரர்' என்பதே அவருக்குப் பெயராகிவிட்டிருக்கும். பின்னால் வருபவரை எவரும் விசாரிப்பதில்லை. ஆயினும் நோர்வூட், டிக்கோயா, ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பல மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிக் கண்டி தேசிய வைத்தியசாலையைச் சென்றடையும் அவ்விருவரில், ஒருவர் பெறுவதற்குக் காத்திருப்பவரென்றால் மற்றவர் கொடுப்பதற்குக் காத்திருப்பவர். இக்கட்டுரை பெரும்பாலும் அந்தப் பின்னால் வருபவரைப் பற்றியது.

சிறுநீரகம் ஓசையின்றிப் பழுதடையும் உறுப்பு. சர்க்கரை வியாதியும் இரத்த அழுத்தமும் பல்லாண்டுகள் உள்ளிருந்து அரித்து, இயல்பான வேலையில் நூற்றில் பதினைந்து பங்குகூட நடைபெறாத ஸ்திதி வந்த பின்னரே கால் வீக்கமும் மூச்சிரைப்பும் பலரைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அனுப்புகின்றன. அதற்குப் பின் உயிரைத் தாங்கும் உபாயம் இரண்டுதான்: டயலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பு, அல்லது மாற்றுச் சிறுநீரகம். வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்தாலும், வாரத்தின் 168 மணி நேரமும் ஓயாது இயங்கவேண்டிய உறுப்புக்கு அந்த 12 மணி நேரம் எவ்வாறு முழு ஈடாகும்? ஆகையினால்தான் உடல்நிலை இடங்கொடுக்கும் நோயாளிக்கு மாற்றுச் சிகிச்சையே மேலானதென்று வைத்தியர்கள் கூறுகிறார்கள்.

1954 டிசம்பர் 23ஆம் திகதி பொஸ்டன் நகரில் ஜோசப் மரே என்ற சத்திரசிகிச்சை நிபுணர், இரட்டைச் சகோதரரில் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். அந்த வித்தை 1985இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. இன்று கண்டியிலும் கொழும்பு மாளிகாவத்தையிலும் உள்ள அரசாங்க வைத்தியசாலைகளில் ஏழைக்கும் அது இலவசமாகவே செய்யப்படுகிறது. மேல்நாடுகளில் காத்திருப்பது என்றால், இறந்தவர் ஒருவரின் உறுப்பு கிடைக்கும்வரை பட்டியலில் தம் முறையை எதிர்பார்த்திருப்பதென்றே பெரும்பாலும் பொருள்படும். நம் நாட்டிலோ மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பெடுக்கும் வழக்கம் இன்னும் வேரூன்றாமையால், காத்திருப்பது என்பது தமக்கென உயிரோடிருக்கும் ஒரு மனிதர் முன்வரும்வரை காத்திருப்பதாகவே இருக்கிறது. அந்த மனிதர் பெரும்பாலும் ஒரே லயத்துத் தொடர்வீட்டில், ஒரே கூரையின் கீழ் வாழ்பவராக இருப்பதனால்தான் அவருடைய உரிமையைப் பற்றி நாம் உரக்கப் பேச வேண்டியிருக்கிறது.

கொடுப்பவருக்குள்ள அபாயம்

தானம் செய்பவருக்கு ஒன்றும் நேராது என்று சொல்வதும் தவறு; அவர் வாழ்வே முடிந்துவிடும் என்று அஞ்சுவதும் தவறு. பத்தாயிரம் தானச் சத்திரசிகிச்சைகளில் ஏறக்குறைய மூவர் உயிரிழந்தார்கள் என்பது 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின் கணக்கு. அமெரிக்காவில் 2014இல் வெளியான பெரிய ஆய்வொன்று, தானம் செய்தோரில் பத்தாயிரத்துக்கு 90 பேருக்கு வாழ்நாளில் சிறுநீரகம் செயலிழக்கலாமென்றும், அவர்களைப் போலவே ஆரோக்கியமாயிருந்தும் தானம் செய்யாதோரில் அது 14 பேரென்றும் கணித்தது. சிறிய அபாயம்தான், ஆனால் இல்லாத அபாயமன்று. இனிமேல் பிள்ளை பெறவிருக்கும் இளம்பெண் முன்வருவாளாயின், அவளிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி மற்றொன்றுண்டு. கனடாவில் 2015இல் வெளியான ஆய்வின்படி, கர்ப்ப காலத்து இரத்த அழுத்த நோய் தானம் செய்த பெண்களில் நூற்றுக்கு 11 பேருக்கும், செய்யாதவர்களில் 5 பேருக்கும் ஏற்பட்டது.

புள்ளிவிவரத்தை விட்டு மலைக்கு வருவோம். கொழுந்து பறிப்பவள் கூடையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, பாரத்தை முதுகில் இறக்கி, ஈரம் ஊறிய சரிவில் தூருக்குத் தூர் கால் வைத்து ஏறுகிறாள். பதினெட்டு, இருபது கிலோ என்று நிறுவைக்குக் காட்டவேண்டிய அந்தப் பாரம் சாய்ந்து உராயும் விலாப்புறத்தில்தான், திறந்து செய்யும் பழைய முறையானால், சத்திரசிகிச்சையின் நீண்ட தழும்பு அமையும். ஆறு முதல் எட்டு வாரம்வரை பாரம் தூக்கலாகாது என்று வைத்தியர் சொல்லும்போது, அவள் மனத்துக்குள் எண்ணுவது வாரங்களையல்ல, பெயர் விழாத, அதாவது சம்பளமில்லாத, நாட்களை. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தைக் கொண்டு பார்த்தாலே, ஆறு வாரத்தின் 36 வேலை நாட்களுக்கு 48,600 ரூபாய் கைவிட்டுப் போகிறது. வேலைக்குத் திரும்பிய பின்னரும், முதுகு வலிக்கென்று கடையில் வாங்கிப் போடும் டைக்குளோபெனாக், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளை அவள் வைத்தியரைக் கேளாமல் தொடலாகாது. வெயில் மலையில் தண்ணீர் குடியாமல் நிற்கலாகாது. ஆண்டுக்கொரு முறையேனும் இரத்த அழுத்தமும் கிரியாட்டினினும் சிறுநீரும் பார்த்துக்கொள்ள வேண்டும். நோயாளியின் கிளினிக் கொப்பியை வீட்டார் எல்லோரும் பத்திரப்படுத்துகிறார்கள். தானம் செய்தவளுக்கும் ஒரு கிளினிக் கொப்பி வேண்டும் என்பதை எத்தனை வீடுகள் நினைக்கின்றன?

மறுப்பதற்கும் உரிமையுண்டு

தெளிந்த மனமுடைய, வயது வந்த ஒருவர், எவருடைய நிர்ப்பந்தமுமின்றி, விளைவுகளை அறிந்து எழுத்தில் தரும் சம்மதமே சம்மதமாகும். தமிழில் கேட்டுத் தமிழில் விளங்கிக்கொண்டு தரவேண்டிய சம்மதம் அது. தமிழும் அரச கரும மொழியாகிய நாட்டில், வாசிக்கவியலாத மொழியிலுள்ள படிவத்தில் பெருவிரலைப் பதிக்க எவரும் கடமைப்பட்டவரல்லர்; விளக்கிச் சொல்ல ஒருவரை அழையுங்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவுமன்று. வைத்தியரிடம் தனியே, உறவினர் எவரும் அறையில் இல்லாமல், பேசவேண்டும் என்று கோரலாம். சத்திரசிகிச்சை மேசைக்குப் போகும் கடைசிக் கணம்வரையிலும் சம்மதத்தை மீட்டுக்கொள்ளலாம். அவ்வாறு மனம் மாறியவரைக் குடும்பத்தின் கோபத்துக்கு இரையாக்காமல், 'இவர் தானத்துக்குத் தகுதியானவரல்லர்' என்ற அளவில் மட்டும் சொல்லிக் காரணத்தை மறைத்துக் காக்கும் வழக்கமும் வைத்திய உலகில் உண்டு.

தெற்காசியா எங்கும் கொடுப்போரில் பெண்களும் பெறுவோரில் ஆண்களும் மிகுந்திருப்பது தெரிந்த விஷயம். தாய்மையின் பாசம் அதற்குக் காரணம் என்று சொல்லி மகிழ்வது எளிது. ஆனால், உழைக்கும் ஆண் விழுந்தால் குடும்பம் விழுந்துவிடும் என்ற கணக்கும் அதில் கலந்திருக்கிறது. நாள்தோறும் மலையேறி அக்குடும்பத்துக்குச் சோறிடும் பெண்ணின் உழைப்பு மட்டும் அக்கணக்கில் ஏன் விடுபட்டுப்போகிறது?

காகிதத்தின் காத்திருப்பு

இரத்த வகை பொருந்தி, இழையப் பொருத்தம் கண்டு, குறுக்குப் பரிசோதனையிலும் தேறிய பின்னர், மலையக மக்களுக்கு மட்டும் மிகுதியாக வாய்த்த மற்றொரு தடை எதிர்ப்படுகிறது. கொடுப்பவர் உறவினரே என்று நிரூபிக்கப் பிறப்பத்தாட்சி வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை படிப்படியாகவே குடியுரிமை பெற்ற சமூகத்தில், ஒரு தாளில் ராமாயி என்றும் மறு தாளில் ராமாயம்மா என்றும் தாயின் பெயர் மாறிக் கிடப்பதும், தகப்பனின் பெயர் எழுத்துப் பிழையோடு பதிவாகியிருப்பதும் சர்வ சாதாரணம். உடன்பிறந்த இருவர் காகிதத்தில் அந்நியராகிவிடுகிறார்கள்; அந்நியர் என்றாலோ, உறவினரல்லாதவரின் தானத்துக்குரிய தனி அனுமதிக்காகச் சுகாதார அமைச்சின் வாசலில் மேலும் காத்திருக்க நேர்கிறது. ஆதலால் பரிசோதனைகள் தொடங்கும் அன்றே காகித வேலையையும் தொடங்குவது விவேகம். பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிழைதிருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். பிறப்பே பதியப்படாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழியுண்டு. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்பத்திரமும் சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசியும் துணையாகும்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இவ்வாறு நாடற்றவர்களாயிருந்தோரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தபோது, ஒரே வயிற்றில் பிறந்தவர்களும் கடலின் இரு கரைகளில் ஒதுங்கினார்கள். இன்று கோத்தகிரியிலோ கூடலூரிலோ உள்ள நெருங்கிய உறவினரே பொருத்தமானவராக இருப்பின், சிகிச்சை இந்தியாவில் நடக்குமானால், அந்நாட்டுச் சட்டப்படி தூதரகத்தின் உறுதிப்பாடும் அங்கீகாரக் குழுவின் அனுமதியும் தேவை. இவற்றுக்கெல்லாம் மாதங்கள் பிடிக்கும் என்பதை முன்னரே அறிந்திருப்பது நன்று.

தரகரின் வாசல்

காத்திருப்பு நீளுமிடத்தில் தரகர் வந்து நிற்பார். 'சிறுநீரகம் தேவை, தக்க உதவி செய்யப்படும்' என்ற பாணியிலான விளம்பரத்தின் 'உதவி' என்ற சொல்லுக்குள் விலை ஒளிந்திருக்கும். 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழையங்களை மாற்றிப் பொருத்தும் சட்டம் உறுப்பை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. 2016இல், இந்தியாவிலிருந்து கொடுப்போரைக் கொழும்புக்குக் கொண்டுவந்து நடத்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட வியாபாரம் அம்பலமானதும், வெளிநாட்டவருக்கான சிறுநீரக மாற்றுச் சிகிச்சையை அரசாங்கம் நிறுத்திற்று. 2022இன் இறுதியில், கொழும்பின் வறிய குடியிருப்பு மக்களிடம் பணம் தருவதாகச் சொல்லிச் சிறுநீரகம் பெற்று ஏமாற்றியதாக முறைப்பாடு எழுந்து பொலிஸ் விசாரணை நடந்தது.

விற்றால் கடன் தீரும் என்பதே தரகரின் மந்திரம். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை விசாரித்து 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று அந்த மந்திரத்தின் பலனைக் காட்டியது. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். ஆனால் விசாரித்தபோது அவர்களில் நூற்றுக்கு 74 பேர் இன்னும் கடனாளிகளாகவே இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. நூற்றுக்கு 86 பேர் தம் ஆரோக்கியம் கெட்டதென்றார்கள். விற்றவனிடம் சட்டப்படியான ஒப்பந்தம் இல்லாமையால், பேசிய தொகை வராதபோது அவன் முறையிடவும் அஞ்சுகிறான். அந்த அச்சமே தரகரின் மூலதனம்.

தானம் செய்தவருக்கு இழந்த நாட்சம்பளத்தையும் பஸ் செலவையும் மருத்துவச் செலவையும் உள்ளபடி ஈடு செய்வதை மட்டும் விக்கிரயத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. உறுப்பு வியாபாரத்துக்கு எதிரான 2008ஆம் ஆண்டின் இஸ்தான்புல் பிரகடனமும் அந்த வேறுபாட்டை ஏற்கிறது. முன்னே கணக்கிட்ட அந்த 48,600 ரூபாயை உறவினர் கூடிச் சேர்த்துக் கொடுப்பது விலையன்று, நியாயம்.

பரிகாரங்கள்

ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் அங்கத்தவரான தொழிலாளிக்குச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கான உதவித் திட்டம் உண்டு. தோட்டக் காரியாலயத்தில் கிளாக்கரிடம் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டுப் பெறுக. ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்க முன்போலக் கொழும்புக்கு அலைய வேண்டுவதில்லை. 2025 முதல் பிரதேச செயலகத்தின் ஊடாகவே விண்ணப்பிக்கலாம். குறைந்த வருமானமுள்ள சிறுநீரக நோயாளருக்கான மாதாந்தக் கொடுப்பனவும் அவ்வாண்டு முதல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது.

கோப்பு எங்கே நிற்கிறது, அனுமதி ஏன் தாமதமாகிறது என்று வாய்வழியாய்க் கேட்டுப் பயனில்லையெனில், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கலாம்; 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மொழியினாலோ பிறப்பிடத்தினாலோ பாரபட்சம் காட்டப்பட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்தை அழைக்கலாம். தரகரிடம் சிக்கியவர் பொலிஸாரை நாடுமுன், சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணியை இலவசமாகக் கலந்துகொள்வது நலம்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின்னரும் கடமை ஓய்வதில்லை. பெற்றவர் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் வேளை தவறாமல் விழுங்க வேண்டும். புகை சூழ்ந்த அடுப்பும் பொதுப் பீலித் தண்ணீருமுள்ள லயன் காம்பராவில் சிறிய காய்ச்சலும் அவருக்குப் பெரிய ஆபத்தாகலாம். கொதித்தாறிய தண்ணீரையும் காற்றோட்டமுள்ள மூலையையும் முதலிலேயே ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

இவ்வளவையும் சொன்ன பின், மீண்டும் அந்தப் பாதைக்கு வருவோம். கண்டியிலிருந்து இருட்டிய பின் இருவரும் லயத்துக்குத் திரும்பும்போது, வாசலில் கூடியிருக்கும் பெரியவர்களில் ஒருவர், பின்னால் வருபவளைப் பார்த்து, "ஏம்புள்ள, எப்பக் குடுக்கப் போறே?" என்று அன்போடுதான் கேட்பார். அவள் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டாள் என்பது அக்கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது. சட்டம் கேட்கச் சொல்லும் கேள்வியோ வேறு: "குடுக்க உனக்கு இஷ்டமா?" அதைக் கேட்டுவிட்டு, கொதிக்கும் தேத்தண்ணியை அவள் கையில் கொடுத்து, ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அந்த விடை வரும்வரை காத்திருக்க நாம் பழக வேண்டும்.