ஐந்து நாள் மௌனம்

உகந்தைமலை முருகன் கோயிலைக் கதிர்காம யாத்திரிகர் யாவரும் அறிவர். பொத்துவிலுக்கும் பாணமைக்கும் தெற்கே, கடலோரப் பாறைக் குன்றுகளின் நடுவே அமைந்தது அத்தலம். அதற்கப்பால் ஊரில்லை, கடையில்லை. குமண, யால என்னும் இரு வனங்களையும் ஊடறுத்துச் செல்லும் காட்டுவழி ஒன்றே உண்டு. விழாக் காலத்தில் அவ்வழி திறந்துவிடப்படும் சில நாள்களிலே, கதிர்காமத்துக்கு நடந்து செல்வோர் அங்கே திரண்டு காட்டினுட் புகுவர்.

2018ஆம் ஆண்டு அவ்வாறு திரண்டோருள் நானும் ஒருவன். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸிலே பொத்துவில் சென்று, அங்கே ஒரு கூட்டத்தாருடன் சேர்ந்துகொண்டேன். காட்டுக்குள் இறங்குவதற்கு முதல்நாள் மாலை, வள்ளியம்மன் கோயில் இருக்கும் குன்றின்மீது ஏறினேன். கீழே உயிரற்றுக் கிடந்த கைத்தொலைபேசி, உச்சியை அடைந்ததும் சிறிது உயிர்பெற்றது. அங்கே தரிசனத்துக்கு நின்றவர்களிலும் பார்க்க, வீட்டாருடன் பேசுவதற்காக நின்றவர்களே அதிகம் என்றால் மிகையாகாது. நானும் அம்மாவை அழைத்தேன்.

“ஒவ்வொரு நாளும் பொழுதுபட எடுப்பன், அம்மா. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.”

“சரி தம்பி. நான் போனுக்குப் பக்கத்திலைதான் இருப்பன்.”

அம்மாவை மகிழ்விக்க எண்ணிச் சொன்ன வார்த்தை அது. பின்னர் நேர்ந்தவற்றுக்கெல்லாம் அதுவே காரணமாயிற்று.

முதல் இரவு வாகூர வெட்டையிலே தங்கினோம். அங்கேயே என் தொலைபேசி செயலற்றுவிட்டது. மறுநாள் குமுக்கன் ஆற்றங்கரையில், மருத மரமொன்றின் வேரிலே ஏறி நின்று அதனை உயர்த்திப் பிடித்துப் பார்த்தேன், பயனில்லை. நாவலடியை அடைவதற்குள் பற்றரியும் தீர்ந்துபோயிற்று. ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசாத தொலைபேசிக்குப் பற்றரி எங்ஙனம் தீர்ந்தது என்று அன்று வியந்தேன். காரணத்தைப் பின்னரே அறிந்துகொண்டேன். கைத்தொலைபேசி அண்மையிலுள்ள கோபுரத்தோடு வானலை வழியாக ஓயாது தொடர்பு கொண்டிருக்கும் கருவியாகும். கோபுரம் எட்டாத இடத்திலே அது சும்மா இருப்பதில்லை. விடாது தேடிக்கொண்டேயிருக்கும். அந்தத் தேடலே பற்றரியைத் தின்றுவிடுகிறது.

“காடென்று அம்மாவுக்குத் தெரியுந்தானே, விளங்கிக்கொள்வார்” என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பகலெல்லாம் நடந்த களைப்பிலே, கூடாரமுமின்றி நட்சத்திரங்களின் கீழ் நிம்மதியாக உறங்கினேன். வியாழையையும் வள்ளியம்மன் ஆற்றையும் கடந்தோம். ஆறாம் நாள் கதிர்காமத்தை அடைந்து, மடமொன்றின் சுவரிலே மின்னிணைப்புக் கண்டு, தொலைபேசிக்கு உயிரூட்டினேன்.

செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. தம்பி கனடாவிலிருந்து அனுப்பியவை பதினேழு. தங்கை அனுப்பியவற்றை நான் எண்ணவில்லை. கடைசிச் செய்தி மாத்திரம் கண்ணிலே பட்டது: “அண்ணை, அம்மாவை வாட்டிலை மறிச்சுப் போட்டினம். கண்டவுடனை எடு.”

நடந்தது இதுதான். முதல் இரவு என் அழைப்பு வராதபோது அம்மா உறங்கவில்லை. இரண்டாம் இரவு உண்ணவுமில்லை. தம்பி தனக்குத் தெரிந்த எல்லோரையும் விசாரித்திருக்கிறான். அதற்கிடையில், யாத்திரிகரை யானை அடித்துவிட்டதென்று யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பிலே ஒரு படத்தை அனுப்பியிருக்கிறார். அது வேறெங்கோ, எப்போதோ எடுக்கப்பட்ட படம். ஆனால் பக்கத்து வீட்டார் அதனை அம்மாவிடம் காட்டிவிட்டனர். இரத்த அழுத்தத்துக்கான குளிசைகளையும் மறந்திருந்த எழுபத்துநான்கு வயதுத் தாய், நான்காம் நாட் காலை அடுக்களையிலே மயங்கி விழுந்தார்.

கதிர்காமத்திலே ஒரு கணம் கைகூப்பிவிட்டு, அன்றிரவே பஸ் ஏறினேன். வைத்தியசாலைக் கட்டிலிலே அம்மா என்னைக் கண்டு அழவுமில்லை, ஏசவுமில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ எடுக்காதது பெரிசில்லைத் தம்பி. எடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு எடுக்காமல் விட்டாய் பார், அதுதான்” என்றார்.

அவ்வார்த்தையைப் பல நாள் எண்ணிப் பார்த்தேன். அம்மாவின் தகப்பனார் 1950களிலே கதிர்காமத்துக்கு நடந்து சென்றவர். புறப்படும்போது, “தீர்த்தம் முடிஞ்சு இத்தினையாம் நாள் வருவன்” என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்லிவிட்டுப் போவாராம். அந்த நாள்வரையில் வீட்டிலே ஒருவரும் அவரைப் பற்றிக் கலங்கியதில்லை. தொலைபேசி இல்லாத அக்காலத்திலே அவர்களுக்கு இருந்த அமைதி, சட்டைப்பையிலே தொலைபேசியைச் சுமந்து திரியும் நமக்கு ஏன் இல்லாமற் போயிற்று?

விடையின் ஒரு பாதி தொலைபேசியிலே இருக்கிறது; மறுபாதி நாம் வாழ்ந்து வந்த காலத்திலே இருக்கிறது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபோது, என் அண்ணர் கொழும்பிலே இருந்தார். யாழ்ப்பாணத்துக்கு ரெயில் நின்றது, தொலைபேசி நின்றது. மூன்று மாதம் கழித்து, வவுனியா வழியாக வந்த ஒருவர் கையிலே அண்ணரின் கடிதம் வந்து சேர்ந்தது. அந்த மூன்று மாதமும் அம்மா படலையைப் பார்த்தபடியே இருந்தார். எங்கள் தெருவிலே, அவ்வாறு காத்திருந்தும் கடைசிவரை கடிதம் வராத வீடுகளும் இருந்தன. இலங்கையிலே கைத்தொலைபேசிச் சேவை 1989இல் தொடங்கிற்றாயினும், எங்கள் பகுதிக்கு அது 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரே வந்தது. ஒருவரிடமிருந்து ஓசை வரவில்லையென்றால் அவருக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்பதே அதற்கு முந்திய ஆண்டுகள் எங்கள் தாய்மாருக்குக் கற்பித்த பாடம். அத்தகைய ஒரு தாயிடம், தினமும் பேசுவேன் என்று வாக்களித்துவிட்டு நான் மௌனமானேன்.

2023ஆம் ஆண்டு மீண்டும் நடக்கப் புறப்பட்டேன். இம்முறை, தொடர்பு கொள்வதைப் பற்றி மாத்திரமன்றித் தொடர்பற்றிருப்பதைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவைத்தேன். ஒரு தாளிலே எந்த நாள் எந்தத் தங்குமிடம் என்று எழுதி, கலண்டருக்கு அருகே ஒட்டினேன். உகந்தையிலிருந்து கடைசியாகப் பேசுவேன். அதன்பின் 5 நாள் மௌனம். வழியிலே தாமதமானாலும் என்று மேலும் ஒரு நாள். ஏழாம் நாள் நண்பகல்வரை செய்தி வராவிட்டால் இன்னாரை விசாரிக்க வேண்டும் என்று, உடன்வருவோரின் பெயர்களையும் அவர்கள் வீட்டு இலக்கங்களையும் எழுதிக் கொடுத்தேன். “அதுக்கு முன்னம் ஆர் என்ன படம் காட்டினாலும் நம்பாதேங்கோ” என்றும் சொன்னேன். அம்மா சிரித்தார்.

காட்டினுள் தொலைபேசியை அணைத்தே வைத்திருந்தேன். மேடான இடம் வரும்போது மாத்திரம் திறந்து, ஒரு குறுஞ்செய்தி அனுப்ப முயல்வேன். பேச்சுக்குத் தொடர்ச்சியான இணைப்பு வேண்டும். குறுஞ்செய்திக்கோ கண நேரத் தொடர்பு போதும். அனுப்பியபின், பெறுபவரின் தொலைபேசி அணைந்திருந்தாலும் அது காத்திருந்து போய்ச் சேரும். 2022 முதல், சில புதிய கைத்தொலைபேசிகள் சில நாடுகளிலே செய்மதி வழியாக அவசரச் செய்தி அனுப்பவும் வல்லனவாகியுள்ளன. என்னிடம் இருந்தது அத்தகையதன்று. ஆனால் அதனினும் பழைய வழியொன்று கைகொடுத்தது. குமுக்கன் ஆற்றருகே யாத்திரிகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பவுசரின் சாரதி பாணமைக்குத் திரும்பவிருந்தார். அவர் சிங்களவர். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்திலே விளக்கி, வீட்டு இலக்கம் எழுதிய துண்டொன்றைக் கொடுத்தேன். அதனைத் தம் சட்டைப்பையிலே கவனமாக வைத்துக்கொண்டு, தலையசைத்துப் போனார்.

ஆறாம் நாள் கதிர்காமத்திலிருந்து வீட்டை அழைத்தேன். அம்மாவே எடுத்தார்.

“ஆரோ ஒரு சிங்களப் பொடியன் எடுத்து, ‘அம்மே, மகன் நல்லம், நல்லம்’ எண்டு சொன்னவன் தம்பி. ஆரெண்டாலும் நல்லாயிருக்கோணும்.”

“அவர் எடுத்திராட்டில், இந்த முறையும் பயந்திருப்பியள் என்ன?”

“ஏன் பயப்பிட? நீ சொன்ன நாள் இன்னும் வரேல்லையே” என்றார் அம்மா.