தப்பு காய்ச்சிய நெருப்பில் தாள் காய்ச்சினோம்

நல்லதண்ணியில் லயம் என்றால் வீடு. ஒரே தகரக் கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் வரிசை பிடித்து நிற்குமே, அது. அந்தச் சொல்லுக்குத் தாளத்தின் ஓட்டம் என்று இன்னொரு பொருளும் உண்டென்று எனக்குத் தெரிந்தது பதினாறு வயதில். தொண்ணூறுகளில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து பாடசாலைக்கு ஓர் இசைச் சஞ்சிகை செய்யக் கிளம்பினோம். முப்பத்திரண்டு பக்கம், ரோனியோவில் நூறு பிரதி. பக்க அமைப்பை என் தலையில் கட்டினார்கள். கையெழுத்து கொஞ்சம் அழகாக இருக்கும் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை.

அந்தச் சஞ்சிகையால் எனக்குப் பாட வரவில்லை. ஈரத்தைப் படிக்க வந்தது. ஒன்றுமில்லாத இடத்தை அளக்கவும் வந்தது.

சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில் பிறந்தவனுக்கு ஈரத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா என்று கேட்பீர்கள். மலை 2,243 மீற்றர். டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயா வரை யாத்திரைக் காலம். அது முடிந்து கடைகள் தறப்பாளைச் சுருட்டியதும் தென்மேல் பருவமழை வந்து குந்திவிடும். துவைத்துப் போட்ட சட்டை மூன்று நாளானாலும் காயாது. நாங்கள் அச்சடிக்கப் பார்த்துவைத்த மாதம் ஜூலை!

ரோனியோ இயந்திரத்தைப் பார்க்காதவர்களுக்காக: மெல்லிய நார்த்தாளில் மெழுகு பூசியதுதான் ஸ்டென்சில். தட்டச்சுப் பொறியில் நாடாவை விலக்கிவிட்டு அதன்மேல் தட்டினால் எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும், நார் மட்டும் வலைபோல மிஞ்சும். அந்தத் தாளை மை ஊறிய உருளையில் சுற்றிக் கைப்பிடியைச் சுழற்றினால், திறந்த இடங்களின் வழியே மை கசிந்து கடதாசியில் எழுத்தாகும். எடிசன் 1876இல் தாளில் பொடித்துளை போடும் மின்பேனைக்குக் காப்புரிமை எடுத்தார். ஹங்கேரியில் பிறந்த டேவிட் கெஸ்டெட்னர் அதன் பிறகு மெழுகுத்தாள் முறையை ஊர் உலகமெல்லாம் கொண்டுபோனார். கந்தோர், பாடசாலை, தொழிற்சங்கம் என்று மலையகத்தில் அந்த மை மணக்காத இடம் குறைவு.

முதல் நாள் முப்பது தாளோடு நின்றுபோனோம். கடதாசி வாழைச் சருகுபோலச் சுருண்டது. இயந்திரம் ஒன்றை இழுக்க வேண்டிய நேரத்தில் மூன்றை இழுத்தது. போன தாளின் மை வந்த தாளின் முதுகில் ஒட்டியது. கடதாசி வாங்கிய கடைக்காரரைத் திட்டினோம், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

கடதாசி மரநார். ஒவ்வொரு நாரும் நீரை விரும்பும் செல்லுலோசால் ஆனது. காற்றில் ஈரம் கூடினால் நார் அதைக் குடித்துப் பருக்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் பருக்காது. நீளவாக்கில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்குதான் நீளும், குறுக்கே இருபது பங்கு வரைகூடப் பருக்கும். ஆலையில் கடதாசி ஓடும் திசையிலேயே பெரும்பாலான நார்கள் படுத்துக்கொள்வதால், முழுத்தாளும் ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் விரியும். தாளின் இரு முகமும் ஒரே அளவில் விரியாதபோது அது சுருள்கிறது. வீட்டில் பழைய பத்திரிகை இருந்தால் இப்போதே கிழித்துப் பாருங்கள். ஒரு திசையில் கோடு போட்டாற்போல் நேராகக் கிழியும், மறு திசையில் கோணல்மாணலாகப் போகும். நேராகக் கிழியும் திசைதான் நார் படுத்திருக்கும் திசை.

இது எதுவும் எங்களுக்கு அன்று தெரியாது. தெரியவைத்தவர் எங்கள் தோட்டத்தில் தப்புப் பறை அடிக்கும் தாத்தா.

ஆடித் திருவிழாவுக்குக் கோயிலடியில் அவர் மிலாறு கொளுத்திக்கொண்டிருந்தார். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிதான் மிலாறு, சடசடவென்று பிடிக்கும். தப்பைச் சரித்து, நெருப்புக்கு ஒரு முழம் தள்ளி, அப்பளம் சுடுவதுபோல் மெல்லத் திருப்பித் திருப்பிக் காட்டினார். இடையிடையே விரலால் சுண்டினார். முதல் சுண்டலுக்கு நனைந்த சாக்கைத் தட்டிய சத்தம். ஐந்தாறு நிமிடத்தில் அதே தோல் கணீரென்றது. எங்கள் கடதாசிக் கதையைச் சொன்னோம்.

"தப்புக்குக் குளிருது தம்பி. ஒங்க கடதாசிக்கும் குளிருதாக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். அன்றிரவு மீதிக் கடதாசிக் கட்டைப் பிரித்து, அடுப்புக்கு மேலிருக்கும் பரணில் விறகை ஒதுக்கிவிட்டு அடுக்கினோம். மறுநாள் தாள் நேராக ஓடியது. கொழுந்தை வாட்டி, அரைத்து, நூற்றுக்கு மூன்று பங்கு ஈரம் நிற்கும்வரை உலர்த்தி விற்பதையே பிழைப்பாகக் கொண்ட ஊரில், கடதாசியையும் வாட்ட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லையே என்று இன்றைக்கும் சிரிப்பேன். நூறு பிரதியிலும் லேசான புகைவாசம் இருந்தது.

தப்பின் தோலில் நடப்பதும் இதற்கு ஒன்றுவிட்ட உறவுதான். தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். அதுவும் ஈரத்தைக் குடிக்கும், குடித்தால் தளரும், எடையும் கூடும். ஒரு தோலின் சுருதி இழுவிசை கூடக்கூட ஏறும், எடை கூடக்கூட இறங்கும். பனி இரண்டையும் கெடுக்கிறது. நெருப்பு ஒரே வேலையில் இரண்டையும் சரிசெய்கிறது. ஆனால் இழுவிசை இரட்டித்தால் சுருதி இரட்டிக்காது. சுருதியை இரண்டு மடங்காக்க இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். கடைசிக் கொஞ்சச் சுருதிக்குத் தாத்தா அத்தனை நேரம் நெருப்பருகில் நின்றதன் கணக்கு இதுதான். அவசரப்பட்டுக் கிட்டக் கொண்டுபோனால் வேறு ஆபத்து. நனைந்த தோல் ஏறக்குறைய 60 பாகை செல்சியசைத் தாண்டினால் இழைகளின் முறுக்கு அவிழ்ந்து ஒரேயடியாகச் சுருங்கிவிடும். பிறகு அது தப்புக்கு உதவாது.

மிருதங்கத்துக்கு இந்தக் கஷ்டம் வேறு மாதிரி. வெறும் வட்டத் தோலைத் தட்டினால் முதல் அதிர்வை 1 என்று வைத்தால் அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று சேராமல் எழும். கம்பியில்போல 2, 3, 4 என்று வராது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே அப்பும் கருஞ்சோறு அந்த முரண்டுபிடிக்கும் அதிர்வுகளை வரிசைக்குக் கொண்டுவருகிறது என்பதை சி. வி. ராமன் 1920இல் நேச்சர் இதழிலும், 1934இல் இன்னும் விரிவாகவும் எழுதினார். தப்பில் சோறு கிடையாது. அந்தச் சேராத அதிர்வுகளே அதன் குரல். வேலைக்கு ஆள் சேரும் பிரட்டுக்களத்துக்குக் கூப்பிடவும், காமன் கூத்தில் மதனையும் ரதியையும் ஆட்டவும் மெல்லிய சுருதி எதற்கு? மலைக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும்.

"சாவு வீட்டில் அடிப்பதை இசைச் சஞ்சிகையில் போடுவதா?" என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள், பெரியவர்களே. நடுப்பக்கம் இரண்டையும் தப்புக்கு ஒதுக்கினோம். அந்தச் சஞ்சிகையில் நாங்கள் செய்த ஆகச் சரியான காரியம் அது.

ஆனால் அடியை எப்படி எழுதுவது? ச ரி க எழுதினால் உதவாது. கட்டக் கொப்பியை எடுத்தோம். ஒரு கட்டம் ஒரு மாத்திரை. அடி விழுந்தால் கட்டத்தில் புள்ளி, விழாவிட்டால் வெறும் கட்டம். மூன்று புள்ளி, ஒரு வெற்றுக் கட்டம், இரண்டு புள்ளி, இரண்டு வெற்றுக் கட்டம் என்று வரிசை நீண்டது. நீண்ட வரி பக்கத்தில் அடங்கவில்லை. நான் கெட்டிக்காரத்தனமாக வெற்றுக் கட்டங்களை மட்டும் பாதி அகலமாக்கினேன். பார்க்க எடுப்பாக இருந்தது. தாத்தாவின் பேரன் அதைப் பார்த்து மேசையில் தட்டினான். தாத்தா காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இது தப்பு இல்ல தம்பி, பெரிய தப்பு."

திருத்தி வரைந்தேன். அடிக்கு எவ்வளவு இடமோ, அடிக்காததற்கும் அவ்வளவு இடம். அதற்குப் பிறகு பக்கத்தில் விடும் வெள்ளை இடத்தையும் நான் மிஞ்சிய இடமாகப் பார்த்ததில்லை. தமிழுக்கு அது இன்னும் முக்கியம். இகர மேல்விலங்கு மேலே ஏறும், உகரச் சுழி கீழே இறங்கும். வரிகளை நெருக்கினால் மேல்வரிச் சுழியும் கீழ்வரி விலங்கும் முட்டிக்கொள்ளும்.

பல ஆண்டு கழித்துத்தான் அறிந்தேன்: 15ஆம் நூற்றாண்டில் கொரிய மன்னர் செஜோங் இதேபோன்ற ஒரு கட்டக் குறியீட்டை உண்டாக்கியிருக்கிறார். பெயர் ஜொங்கன்போ. கட்டங்கள் மேலிருந்து கீழாக இறங்கும், ஒரு கட்டம் ஒரு நேர அளவு, வெற்றுக் கட்டமும் எண்ணிக்கையில் சேரும். கிழக்காசியாவில் சுரத்தின் நீளத்தைக் காட்டிய முதல் குறியீடு அதுதான். கொரிய மொழிக்கு எழுத்து செய்து கொடுத்தவரும் அவரே! எழுத்தையும் தாளத்தையும் ஒரே மனிதர் யோசித்ததில் வியப்பில்லை, இரண்டிலும் இடைவெளியைச் சரியாக விடுவதே பாதி வேலை.

புள்ளி எங்களை வேறொரு பக்கமும் அலைக்கழித்தது. தமிழ்த் தட்டச்சுப் பொறியை முதலில் வடிவமைத்தவர் யாழ்ப்பாணத்துக்காரரான ரா. முத்தையா. மெய்யெழுத்துப் புள்ளிபோல மேலே ஏறும் குறிகளுக்காக, தட்டினாலும் வண்டி நகராத விசைகளை அவர் வைத்தார். நகரா விசை என்று அதற்குப் பெயர். காகிதத்தில் அது சுகமாக வேலை செய்யும், ஸ்டென்சிலில்தான் வம்பு. விரலின் விசை அகலமான எழுத்தில் பரவிப்போகும், புள்ளியில் ஊசிமுனைபோலக் குவியும். ஓங்கித் தட்டினால் ஓட்டை விழுந்து அச்சில் மைக்கட்டி வரும், மெதுவாகத் தட்டினால் புள்ளியே விழாது. எங்களுக்குத் தட்டித் தந்த கந்தோர் அக்கா மெய்யெழுத்து வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அப்படியும் தலைப்பு 'தபபு' என்றுதான் வந்தது. நூறு பிரதியிலும் பேனையால் நானே புள்ளி வைத்தேன்.

உங்கள் தோட்டத்தில் தப்படிக்கிற ஒருவர் இன்னும் இருந்தால் ஒரு கட்டக் கொப்பியோடு போய்ப் பக்கத்தில் குந்துங்கள். அவர் அடிப்பதையும் அடிக்காமல் விடுவதையும் ஒரே அகலத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலமாக இருந்தால் போகும்போது ஒரு கட்டு மிலாறும் எடுத்துப் போங்கள்.